எதிரிக் கூட்டில் கேட்ட சொல்

நானா,

தோட்டவெளியில் ரெயில் பாதையைக் கடக்கும் இடத்தில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். இன்று காலை அந்த வழியாகப் போனபோது பெயின்ட் இன்னும் காயவில்லை. அந்த மணம்தான் முதலில் என்னை நிறுத்தியது. அண்ணாந்து பார்த்தேன். மேலே ஆங்கிலம், கீழே சிங்களமும் தமிழும். நீங்கள் பழக்கிய ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். நடுவில் இரண்டு வட்டங்கள். லுக். தமிழில் ‘பார்’ என்று மட்டும் போட்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கேற்றுக் காவல்காரர் தன் குடிலில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, ரெயில் இப்ப வராது. பயப்பிடாமல் போங்கோ.”

“ரெயிலுக்கு நிக்கேல்லை தம்பி. ஒராளை நினைச்சு நிண்டனான்.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஒரு பலகையைப் பார்த்துச் சிரிக்கிற கிழவனை வேறு எப்படிப் பார்ப்பது? நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பார்வைக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் எங்களை விட்டு மௌத்தாகி ஒரு சோளகக் காற்றும் ஒரு வாடைக் காற்றும் கடந்துவிட்டன. இந்தச் சொல்லை நான் முதன்முதலில் காதால் கேட்டது கோட்டில், குற்றம் சாட்டப்பட்டவனை நிறுத்தும் எதிரிக் கூட்டில் நின்றுகொண்டு. அன்று நடந்ததை நீங்கள் எத்தனையோ தடவை உங்கள் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்கிறீர்கள். வழக்கை விசாரித்த வெள்ளைக்காரத் துரையைப் போல மூக்கால் பேசிக் காட்டி, நடுவில் சிரித்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கி. கூட்டுக்குள் நின்றவனின் பக்கத்தை நான் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. நீங்கள் கதை சொல்லும்போது குறுக்கே பேச யாருக்கு மனம் வரும்? இப்போது சொல்கிறேன்.

நான் அப்போது, சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருந்த சவிரியான் சம்மாட்டியாரிடம் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். சம்மாட்டியார் பெரிய உடம்பு, பெரிய குரல். கோபம் வந்தால் கை முந்திவிடும், பேச்சு பிந்தித்தான் வரும். ஒரு நாள் பின்னேரம் பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கயிறு இற்றுப்போய்விட்டது என்று கரையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். “என்ர வள்ளத்துக்கு நீ ஆரடா குறை சொல்ல?” என்று கன்னத்தில் அறைந்தார். நான் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மடியை உதறிக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனேன். அந்தப் பேசாமல் போனதைத்தான் பிறகு கோட்டில் பெரிய குற்றம் ஆக்கினார்கள்.

அடுத்த நாள் விடிய, சின்ன வள்ளத்தில் நாங்கள் இரண்டு பேருமே வலை எடுக்கப் போவதாக இருந்தது. புதுக் கயிறு கட்டியிருந்தார். அறைந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்களுக்குள் அது முடிந்துபோன விஷயம். அவர் வள்ளத்தைத் தள்ளப் போனபோது அவருடைய பெண்சாதி திரேசா அக்கா என்னிடம் ஓடி வந்தா. சேலைத் தலைப்புக்குள் இருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்தா. அவர்கள் மீனும் வலையும் வைக்கும் வாடியின் பூட்டுச் சாவி, ஒல்லாந்தர் காலத்தது போல ஒரு சாண் நீளம்.

“தம்பி, ஆருக்கும் சொல்லாதையும். அவருக்கு இடைக்கிடை வலிப்பு வாறது. முந்தநாளும் வந்தது. போகவேண்டாம் எண்டால் கேக்கிறார் இல்லை. கடலிலை வந்தால் இந்த இரும்பைக் கையுக்கை வையும். எனக்குப் பயமாக் கிடக்கு.”

“யோசியாதேங்கோ அக்கா. நான் அவரைப் பாத்துக்கொள்ளுறன்.”

“இது எங்கட வீட்டுக்குள்ளை இருக்கிற விசயம். பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம்...”

“என்ர வாயாலை வராது.”

சாவியை மடியில் செருகிக்கொண்டேன். சற்றுத் தள்ளி வலை உதறிக்கொண்டு நின்ற சம்மாட்டியாரின் தம்பி மனுவலுக்கு அலைச் சத்தத்தில் எங்கள் பேச்சு கேட்கவில்லை. ‘நான் அவரைப் பாத்துக்கொள்ளுறன்’ என்ற அந்த ஒரு வசனம் மட்டும் கேட்டிருக்கிறது. முதல்நாள் அடி வாங்கியவன் அடுத்த நாள் சொன்ன வசனம்.

கடலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வலை பாதி ஏறியிருந்தது. சம்மாட்டியார் கயிற்றைப் பிடித்தபடியே விறைத்தார். கண் மேலே போயிற்று. நான் பின்புறத்தில் இருந்து தாவி வருவதற்குள் சரிந்து நங்கூரத்தில் தலை அடிபட்டு, அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டார். குதித்தேன். அந்த உடம்பை வள்ளத்துக்குள் எப்படி ஏற்றினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மாதா ஏற்றினா என்றுதான் என் மனைவி சொல்வா. வலையை வெட்டி விட்டுவிட்டு, ஒரு கையால் அவருடைய தலையைப் பொத்திப் பிடித்து, மறு கையால் சுக்கானைப் பிடித்துக் கரைக்கு வந்தேன்.

கரையில் ஆட்கள் இரத்தத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மனுவல் என் கழுத்தைப் பிடித்துவிட்டான். “செய்வன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவன்!” என்று அவன் கத்தியது கோயில் வளவு வரைக்கும் கேட்டதாம். ஊர்த் தலைவர் விதானையார் வந்தார், பொலிஸ் வந்தது. மடியைச் சோதித்தபோது வாடிச் சாவி விழுந்தது. அதோடு கதை முழுதாகிவிட்டது. அடி வாங்கின கோபம், ஆளைக் கொன்று வாடியைத் திறக்கும் எண்ணம், முன்கூட்டியே சொன்ன மிரட்டல். சம்மாட்டியார் ஆசுப்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். என்னை மறியல் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அப்போது என் மனைவி மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தா.

வழக்கின் முதல் நாள் உங்களை முதன்முதலாகப் பார்த்தேன். கறுத்தக் கோட்டு, சிவப்புத் தொப்பி. துரைக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்தை இந்தப் பக்கத்துக்கும் மாற்றுகிறவர். கோட்டு மொழிபெயர்ப்பாளர் என்பதால் சனம் உங்களை முதலியார் என்றது. எருக்கலம்பிட்டியார் என்று எனக்குப் பக்கத்தில் நின்ற காவல்காரன் சொன்னான். என் உயிர் அந்தக் கூட்டத்தில் யாருடைய கையில் இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். துரையின் கையில் என்று நினைத்தேன். உங்கள் வாயில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மனுவல் சாட்சி சொன்னான். “‘நான் அவரைப் பாத்துக்கொள்ளுறன்’ எண்டு சொன்னவன் ஐயா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கையை ஓங்கிச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கிறது. நீங்கள் அதை ஆங்கிலத்தில் சொன்னீர்கள். துரை எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். ‘ஒரு கை பார்க்கிறேன்’ என்ற பொருளில் நீங்கள் சொல்லியிருந்தீர்கள் என்பதை நீங்களே எனக்குப் பிறகு சொன்னீர்கள்.

துரை உங்கள் மூலமாக என்னைக் கேட்டார், அந்தச் சொல்லை நான் சொன்னேனா என்று.

“சொன்னனான் ஐயா.”

நீங்கள் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தீர்கள். இவ்வளவு விரைவாக ஒப்புக்கொள்ளும் எதிரியை நீங்கள் அதிகம் கண்டிருக்கமாட்டீர்கள்.

“சாவி எப்பிடி உம்மட மடியுக்கை வந்தது?”

நான் பேசவில்லை. பேசினால் வலிப்பைப் பற்றிப் பேசவேண்டும். திரேசா அக்கா பின்வரிசையில் தலைகுனிந்து நின்றா. பக்கத்தில் சம்பந்தம் பேசிய வீட்டு ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அவவைக் கூப்பிட்டு, எதிரி அந்தச் சொல்லைச் சொன்னாரா என்று மட்டும் கேட்டார்கள். “ஓம், சொன்னவர்” என்றா. வேறு ஒன்றும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. எனக்கு அவவில் கோபம் வரவில்லை என்றுதான் இத்தனை காலமும் உங்களிடம் சொன்னேன். கோபம் வந்தது. ஆனால் பெண்பிள்ளைக்காக வாயை மூடிநின்ற அவவின் முகத்தைப் பார்த்தபோது, என் மனைவியும் அப்படித்தான் செய்வா என்று தோன்றியது.

அடுத்த நாள் முடிவு சொல்வதாகக் கோடு கலைந்தது. பெரிய கோட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், அங்கே போனால் ஆயுள் முழுக்கத்தான் என்று காவல்காரன் இரக்கத்தோடு சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. எனக்குச் செபமாலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

இனி மறுநாள் காலை. துரை வந்து உட்கார்ந்தார். பேனையை எடுத்தார். அப்போது நீங்கள் இரண்டடி முன்னால் வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னீர்கள். கோட்டில் இருந்த படித்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். துரையின் கன்னம் சிவந்தது. அவர் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் பதில் சொன்னீர்கள். அதில் ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது. லுக். அவரும் அதைத் திருப்பிச் சொன்னார். லுக்? நீங்கள் மறுபடி, லுக். அதற்குப் பிறகு உங்கள் இருவர் வாயிலும் அந்தச் சொல்தான். லுக் அது, லுக் இது. குளத்துக் கோழிகள் இரண்டு மாறி மாறிக் கத்துவது போல எனக்குக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தூக்குமரத்துக்குத்தான் ஆங்கிலத்தில் லுக் என்று பேர் போலிருக்கிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

நீங்கள் பேசியது என்ன என்பதை எத்தனையோ மாலைகளில் எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள். “துரை, நேற்று நான் செய்த மொழிபெயர்ப்பு பிழை. எதிரி சொன்ன சொல்லைச் சாட்சியின் கோபத்தோடு சேர்த்து மொழிபெயர்த்துவிட்டேன். கோபம் சாட்சியினுடையது. சொல் மட்டும்தான் எதிரியினுடையது.”

“அப்படியானால் அந்தச் சொல் என்ன?”

“பார். உங்கள் பாஷையில் லுக்.”

“லுக்? பார்ப்பது கண்ணால் செய்கிற வேலை. அதில் மிரட்டல் எங்கே, மிரட்டாமல் இருப்பது எங்கே?”

அப்போதுதான் நீங்கள் அந்தப் பெரிய விளக்கத்தைத் தொடங்கினீர்கள். துரைக்கு அவருடைய சொந்தச் சொல்லையே எடுத்துக் காட்டினீர்கள். மூக்குக் கண்ணாடி தொலைந்தால் லுக் ஃபோர், அது தேடுவது. பொலிஸ் ஒரு முறைப்பாட்டை விசாரித்தால் லுக் இன்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மதிக்காவிட்டால் லுக் டவுன். ஆபத்து வருகிறது என்று கத்தினால் லுக் அவுட். ஆயா பிள்ளையைக் கவனித்தால் லுக் ஆஃப்டர். “எல்லாவற்றிலும் கண் ஒன்றுதான் துரை. பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல்தான் வேறு. எங்கள் பாஷையிலும் அப்படித்தான். நாங்கள் பெண் பார்ப்போம், நாடி பார்ப்போம், ருசி பார்ப்போம், வேலை பார்ப்போம். ஒருவனை ஒரு கை பார்ப்போம், அது அடிதடி. ஒருவரைப் பார்த்துக்கொள்வோம், அது பராமரிப்பு. கோபத்தில் சொன்னால் அதுவே மிரட்டலாகவும் இருக்கலாம்.”

“அப்படியானால் இவன் சொன்னது எது?”

“அது சொல்லுக்குள் இல்லை துரை. யாருக்குச் சொன்னான், அவர் என்ன கேட்டதற்குச் சொன்னான் என்பதில் இருக்கிறது. அதை நேற்று யாரும் கேட்கவில்லை.”

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு தன் ஆளிடம் தமிழில் முணுமுணுத்தது என் காதிலேயே விழுந்தது. “முதலியார் இண்டைக்கு வழக்குப் பேசுற பிரக்கிராசி வேலை பாக்கிறார்.” இதை நான் உங்களிடம் சொன்னபோது நீங்கள் எப்படிச் சிரித்தீர்கள்! “பாத்தீரா, அந்தாளும் ‘பாக்கிறார்’ எண்டுதான் சொல்லியிருக்கு!”

துரை பேனையைக் கீழே வைத்தார். பிறகு திரேசா அக்காவை மறுபடி கூப்பிடச் சொன்னார். அந்த நேரம் நீங்கள் செய்த ஒன்றை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அவ சாட்சிக் கூட்டில் ஏறும்போது, நீங்கள் நின்ற இடத்தில் இருந்து கொஞ்சம் நகர்ந்து நின்றீர்கள். மனுவலுக்கும் சம்பந்தம் பேசிய வீட்டாருக்கும் அவவின் முகம் தெரியாமல் உங்கள் கோட்டு மறைத்தது.

துரை கேட்டதை நீங்கள் தமிழில் கேட்டீர்கள். கோட்டுத் தமிழ் இல்லை. வீட்டில் பேசுகிற தமிழ்.

“அக்கா, அவர் அப்பிடிச் சொல்ல முந்தி நீங்கள் அவரிட்டை என்ன கேட்டனீங்கள்?”

அவ அழுதா. அழுதபடி மேசையில் கிடந்த சாவியைக் காட்டினா.

“நான்தான் குடுத்தனான் ஐயா. என்ர மனிசனுக்கு வலிப்பு வாறது. கடலிலை வந்தால் கையுக்கை இரும்பு வைக்கச் சொல்லிக் குடுத்தனான். ‘எனக்குப் பயமாக் கிடக்கு’ எண்டு சொன்னன். அதுக்குத்தான் அந்தப் பொடியன் ‘நான் பாத்துக்கொள்ளுறன்’ எண்டவர். ஒருத்தருக்கும் சொல்லாதையும் எண்டும் நான்தான் சொன்னனான். கூட்டுக்குள்ளை நிண்டும் அவர் சொல்லேல்லை ஐயா. அவர் சொல்லேல்லை.”

ஆசுப்பத்திரியில் அவருக்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரியைக் கேட்டார்கள். கட்டிலில் கிடக்கும்போதே இரண்டு முறை வலித்தது, காயத்தால் என்று நினைத்தேன், ஆனால் நாக்கில் பழைய கடித் தழும்புகள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். மனுவல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அண்ணனுக்கு வலிப்பு என்று அவனுக்கே தெரியாது.

துரை எழுதினார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“உம்மிலை குற்றம் இல்லை. நீர் போகலாம்.”

இது வேறு யாருக்கோ சொல்வது என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். கூட்டுக்குள் என்னைத் தவிர வேறு யார்?

“கீழை இறங்கும் தம்பி,” என்றீர்கள் மெதுவாக. “உமக்குத்தான் சொல்லுறன்.”

வெளியே பெருக்கமரத்தின் கீழ் என் மனைவி நின்றா. பக்கத்தில் கழுதைகள் இரண்டு நிழலுக்கு ஒதுங்கி நின்றன. அவ என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. அப்படியே மரத்தடியில் இருந்துவிட்டா. நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்தேன், மறுபடி குடித்தேன். தண்ணீர் இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவவும் சிரித்தா. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பைத்தியங்கள் போலச் சிரித்தோம். கோட்டுக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் விடியற்காலை வெள்ளாப்பில் பிடித்த ஒரு பாரை மீனோடு உங்களைத் தேடிக் கோட்டு வளவுக்கு வந்தேன். என்னைக் கண்டதும் ஏதோ பாம்பைக் கண்டது போலப் பின்னால் போனீர்கள்.

“நாசமாப் போச்சு! இந்த வளவுக்குள்ளை உம்மட மீனை நான் தொட்டால் நாளைக்கு அந்தக் கூட்டிலை நிக்கிறது நான். கொண்டு போம்!”

நான் முகம் வாடித் திரும்பினேன். பின்னால் இருந்து குரல் வந்தது. “எருக்கலம்பிட்டியிலை பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கை. பின்னேரம் வாரும். மீனைத் தனிய விட்டிட்டு ஓடக்கூடாது. இருந்து திண்டிட்டுத்தான் போகவேணும்.”

அப்படித் தொடங்கியதுதான் நானா, எங்கள் சிநேகம். படிப்பில் நீங்கள் எங்கே, நான் எங்கே. கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத வாசிக்கப் பழகியதோடு என் படிப்பு முடிந்தது. உங்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் வந்தோம், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நீங்கள் வந்தீர்கள். என் மூத்தவள் பிறந்தபோது முதலில் வந்து பார்த்த வெளியாள் நீங்கள்.

சம்மாட்டியாரும் எழும்பிவிட்டார். அந்தச் சோளகம் தொடங்குவதற்குள் தடி ஊன்றி என் வீட்டுப் படலைக்கு வந்தார். என் கன்னத்தை ஒரு முறை தடவிவிட்டுத் திரும்பிப் போனார். மனுவல் என்னோடு கதைக்க ஒரு வருஷம் எடுத்தது. பிறகு என் வள்ளம் தள்ள முதலில் கை கொடுப்பவனும் அவன்தான். எல்லாரும் பயந்த கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளையின் தாய் திரேசா அக்காவிடம் வந்து, “இதுக்கா மறைச்சனீங்கள்? என்ர தம்பிக்கும் வலிப்பு இருக்கு, அவன் பேரப்பிள்ளை கண்டிட்டான்” என்றாவாம். எவ்வளவு பெரிய பயம், எவ்வளவு லேசாக இறங்கிப்போயிற்று!

உங்களுக்குத்தான் கொஞ்சக் காலம் தொல்லை. நீங்கள் ஒன்றை மொழிபெயர்த்து முடித்தால் பிரக்கிராசிமார், “முதலியார், இது இண்டைக்கு மட்டுமோ, நாளைக்கு மாத்துவீங்களோ?” என்று சிரிப்பார்களாம். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் கவலை இருக்கவில்லை. “கேக்கட்டும். கேக்கக் கேக்க நான் இன்னும் கவனமாச் சொல்லுறன்” என்பீர்கள். உத்தியோகத்தைப் பறிக்கக்கூடிய அந்தத் துரை மாற்றலாகிப் போகும்போது உங்கள் கையைப் பிடித்து, “அந்த லுக் வழக்கு நினைவிருக்கிறது” என்று மட்டும் சொன்னாராம். அதில் பாராட்டு இருந்ததா, கண்டனம் இருந்ததா என்று உங்களாலேயே மொழிபெயர்க்க முடியவில்லை.

அந்தச் சொல்லை நாங்கள் விடவேயில்லையே. கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவீர்கள். ஒரு பிள்ளை தகப்பனைப் போல இருந்தால் அதற்கும் லுக் லைக் என்றீர்கள். “அது நல்லாயிருக்கு, எங்கட சாயலும் பாக்கிறதாலை வாறதுதானே” என்றேன். லுக் ஃபோர்வட் என்று ஒரு நாள் சொன்னீர்கள். இன்னும் வராத நாளைச் சந்தோஷமாகப் பார்த்திருப்பது. “வெள்ளைக்காரன் வராததையும் பாக்கிறான் தம்பி.” நான் விடவில்லை. “நாங்களும்தானே நானா வழி பாக்கிறம்? கடலுக்குப் போனவனை வீட்டிலை பாத்துக்கொண்டு இருக்கினம் எண்டால் என்ன அர்த்தம்?” நீங்கள் நின்றுவிட்டீர்கள். “அட, அதை அண்டைக்குத் துரைக்குச் சொல்லாமல் விட்டிட்டனே!” என்று உண்மையாகவே வருத்தப்பட்டீர்கள்.

உங்களுக்கு நோய் கூடியபிறகு ஒரு பின்னேரம் வந்தேன். பாயில் சாய்ந்திருந்தீர்கள். குரல் மெலிந்திருந்தது. “உம்மைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான்” என்றீர்கள். பிறகு கண்ணைச் சிமிட்டி, “இது எந்த லுக், சொல்லும் பாப்பம்?” என்றீர்கள். லுக் ஃபோர்வட் என்று நான் சரியாகச் சொன்னேன். “பாஸ்” என்றீர்கள். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. வலி இல்லாமல் தூக்கத்தில் போனீர்கள் என்று உங்கள் மகன் வந்து சொன்னபோது அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. அதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் எனக்குள் நெடுநாளாக இருந்தது. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது? வீட்டுக்குப் போன மொழிபெயர்ப்பாளர் காலையில் தன் பிழையைத் தானே சபையில் சொல்ல எப்படித் துணிந்தார்? கேட்டால், “நித்திரை வரேல்லை, அவ்வளவுதான்” என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

உங்களுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய பிறகு என் மனைவியோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நான் தாத்தா என்று கூப்பிடும் உங்கள் மனைவி, கணவன் போனபின் அந்நிய ஆண்கள் முன் வராத இத்தாவில் இருந்தபடியால் அறைக்குள், திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தா. என் மனைவி உள்ளே போய்விட்டா. நான் மண்டபத்தில் கதிரையில் இருந்து அந்தக் கேள்வியைச் சும்மா சொல்லிப் பார்த்தேன்.

“அவர் உங்களுக்குச் சொல்லேல்லையா?” என்றா தாத்தா.

“இல்லைத் தாத்தா.”

“அண்டைக்கு வந்து சோத்துக்கு முன்னால இருந்தவர், கை வைக்கேல்லை. என்ன எண்டு கேட்டன். கடலிலை ஆளைக் கொல்லப் பாத்த ஒருத்தன்ர வழக்கு, ‘நான் அவரைப் பாத்துக்கொள்ளுறன்’ எண்டு முன்னமே சொல்லியிருக்கிறான், ஆனா ஆளின்ர முகம் அப்பிடி இல்லை எண்டு சொன்னார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ‘அந்தச் சொல்லிலை என்ன குற்றம்? எங்கட நிக்காஹ் அண்டைக்கு நீங்க என்ர வாப்பாட்டை என்ன சொன்னனீங்க? உங்கட மகளை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டுதானே சொன்னனீங்க? என்ர வாப்பா பொலிசுக்குப் போகேல்லையே!’ எண்டு கேட்டன். அவர் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு சோத்துக் கோப்பையைத் தள்ளி வச்சிட்டு எழும்பிப் போய், விடிய உடுக்கிற கறுத்தக் கோட்டைத் துடைக்கத் தொடங்கிட்டார்.”

நானா, அது மௌத்து வீடு. சுவரோரம் குர்ஆன் ஓதும் பலகை இருந்தது. உங்கள் மகன் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான். இருந்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. உங்கள் மாமனார் தாடியோடு பொலிஸ் வாசலில் போய் நிற்பது என் கண்ணுக்குள் வந்துவிட்டது. மரியாதை கெட்டுப்போயிற்றே என்று வெட்கத்தில் எழும்பப் பார்த்தபோது திரைக்குப் பின்னால் இருந்தும் ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகை என்று நினைத்தேன். தாத்தா சிரித்தா. என் மனைவியும் சிரித்தா. உங்கள் மகன் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவென்றே தெரியாமல் அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்போடுதான் அன்று ஒழுங்கையால் வீட்டுக்கு நடந்து வந்தேன். இன்னும் அது என்னிடம் இருக்கிறது.